இரண்டாம் பூட்டு

நம்பர் புதிது. குரல் பழையது.

“சுந்தரி, நாந்தாம்ட்டி. பாண்டியராஜ் பேசுதேன்.”

சண்முகசுந்தரி கையிலிருந்த மோர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே ஒரே பேச்சும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. செருப்பைத் தேடாமல் தெருவுக்கு வந்துவிட்டாள்.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

எப்போதும் சேர்க்கும் ‘அண்ணாச்சி’யைச் சேர்க்க வாய் வரவில்லை.

போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். இது தெரிந்த பையனின் நம்பராம். அவசரமாக சர்வருக்குள் போக வேண்டுமாம். பாஸ்வேர்ட் போட்டால் ஏற்றுக்கொள்கிறது, அடுத்துக் கேட்கிற ஆறு இலக்க எண் மட்டும் பழைய போனுக்கே போகிறது. அதை இந்த நம்பருக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

அவளுக்கு அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தெருவில் நின்ற யாருடைய பைக்கிலோ போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். சீட் வெயிலில் கொதித்தது. தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். வாரம் ஒருவர் முறை வைத்துக் காவல் பார்க்கிற ஆபீஸ் அது. முறைக்காரர் எங்கே போனாலும் லேப்டாப்பும் கூடவே போகும்.

சங்கரன்கோவிலில் ஒரு மாடியில் பதினொரு பேர். அவர்கள் பார்த்துக்கொள்வது ஒன்பது ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களை. பாண்டியராஜ்தான் அவர்களுக்குத் தலைவர். அவர் பெயரில் ஒரு ஆள் உள்ளே போய்விட்டால் ஒன்பதும் அந்த ஆளின் கையில். எல்லாவற்றையும் பூட்டிப்போட்டு பேரம் பேசலாம். அதுவரை எந்தக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு எந்த ரத்தம் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

பதிவுகளைத் திறந்தாள்.

காலையிலிருந்து அவர் பெயரில் ஏழு முறை முயன்றிருக்கிறார்கள். ஏழு முறையும் பாஸ்வேர்ட் சரியாக விழுந்து, எண் கேட்கிற இரண்டாவது பூட்டில் நின்றிருந்தது.

“எங்கன இருக்கிய?”

“புளியங்குடில. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

குரல் சிரித்தது. அதே சிரிப்பு. சிரிப்பின் வாலில் வருகிற அந்தச் சின்ன இருமல்கூட வந்தது.

“ஏட்டி, நான் சொல்லிக்குடுத்த பாடத்த எனக்கே நடத்துதியா?”

சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவளுக்கு மட்டும் இல்லை, ஒன்பது ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும் சேர்த்து. மாதம் ஒரு வீடியோ போடுவார். ‘மக்கா, ஓடிபிய யார் கேட்டாலும் குடுத்துராதீய’ என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். நாற்பது வீடியோவும் இன்டர்நெட்டில் கிடக்கின்றன. ஒரு குரலை அள்ளிக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் பேசவைக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

“ரியாஸ் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்.”

“அவன் லீவுல்லா. இன்னைக்கு எல்லாப் பயலும் லீவு. அதான் ஒன்னக் கூப்பிடுதேன். சட்டுனு பண்ணு.”

அவள் விரல் நின்றது.

எல்லோரும் லீவு என்பது சரி. எந்த மெயில் போட்டாலும் ‘இன்று விடுப்பு’ என்று தானாகப் பதில் போகிறது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

ஏன் லீவு என்று அந்த மெயிலில் இல்லை.

பாண்டியராஜ் பனவடலிசத்திரம் விலக்கில் பைக்கோடு விழுந்து இறந்து இன்றைக்குப் பதினாறாம் நாள். ஆபீஸ் மொத்தமும் அவர் வீட்டில்தான் இருந்தது. ரியாஸ் உள்ளே சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றார்.

அவருடைய கணக்கை அன்றைக்கே முடக்கியிருக்க வேண்டும். அது அவள் வேலை. “பதினாறு கழியட்டும்மா” என்று மேனேஜர் கோமதிசங்கர் சொன்னார். காரியம் முடிகிற வரை அவர் சட்டையைக்கூட யாரும் கொடியிலிருந்து எடுக்கவில்லை, பெயரை மட்டும் எப்படி எடுப்பது என்றார். மேனேஜர் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் எடுத்திருக்க மாட்டாள். தினமும் காலையில் அந்தப் பெயர் வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

முடக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. அதையும் அழுத்தினாள்.

வரிசையில் பத்துப் பெயர்கள் இருந்தன.

“என்னட்டி, ஆச்சா?” என்றது குரல்.

போனை அணைக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

பாண்டியராஜின் மனைவி மாலா. சாப்பிடக் கூப்பிட வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாகப் பின்னால் நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“மதினி, அது அவிய இல்ல” என்றாள் சுந்தரி, சத்தம் வராமல்.

மாலா தலையை ஆட்டினாள். தெரியும் என்பது போலத்தான் இருந்தது. பிறகு பைக் சீட்டிலிருந்து போனை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

“சாப்ட்டியளா?”

எதிர்முனை ஒரு கணம் யோசித்தது.

“சாப்ட்டேன்” என்றது. “நீ சாப்ட்டியா?”