சூரியன் வரையும் கை

பள்ளிப் பாடங்களைத் தொலைக்காட்சிகளுக்குத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் லோகோவாக ஒரு சிறுமியின் கை கரும்பலகையில் சூரியன் வரையும். எடிட்டர் தணிகைவேலின் மகளுடைய கை. படம்பிடித்த மறுவருடம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவர் மனைவி செண்பகம் தினமும் காலையில் டிவியைப் போடுவாள். சூரியன் முழுதானதும் அணைத்துவிடுவாள்.

“அந்தக் கை பழசாயிடுச்சு, மாத்திடுங்க,” என்றார் மேலாளர்.

“எட்டு வயசுதான் சார்,” என்றார் தணிகைவேல்.

பிறகு எல்லாப் பாடங்களிலிருந்தும் அவரே அதை வெட்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் காலை திரையில் ஒரு பூமி உருண்டை சுழன்றது. பாடம் தொடங்கியது. செண்பகம் அணைக்கவில்லை. ஒளிச்சேர்க்கைப் பாடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியில வருவாளாங்க?”