பிரஷாந்தியின் இடது காது

“பதினொரு மாசம், அக்கா. அத்தான் ஒரு சொட்டுத் தொடேல்லை. நான் சாட்சி” என்றான் வலன்ரைன்.

முருங்கனில் அவன் வீட்டு விறாந்தையில் அக்கா மெற்றில்டா தூணைப் பிடித்தபடி நின்றாள். எதிரே கதிரை நுனியில் அவள் புருசன் றொபேட். கொடுத்த பால்தேத்தண்ணி ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

அவர்களுடைய ஊரான இலுப்பைக்கடவையில் றொபேட்டைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. கடலுக்குப் போவான், வருவான். பின்னேரம் கால் போத்தல் சாராயம் குடித்துப் பழைய பாட்டு இரண்டு பாடிவிட்டுப் படுத்துவிடுவான். கை நீட்டியது ஒரேயொரு நாள்தான்.

அன்று விடிய, றோலர் படகுகள் அவனுடைய வலைகளை எல்லாம் அறுத்துக்கொண்டு போயிருந்தன. வெறுங்கையோடு குசினிக்குள் வந்தவனிடம், “என்னப்பா, இண்டைக்கு மீன் இல்லையே?” என்று மகள் பிரஷாந்தி சிரித்துக்கொண்டு கேட்டாள். கன்னத்தில் விழுந்த அறையில் சுவரோடு போய் மோதினாள். இடது காதால் ரத்தம் வடிந்தது.

கிணற்றடியிலிருந்து மெற்றில்டா ஓடிவந்தாள். “வலை போன கவலையில கரையிலயே குடிச்சிட்டன். வெறியில அடிச்சுப்போட்டன்” என்று தலையிலடித்து அழுதான் றொபேட். பிறகு தாயையும் மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பள்ளமும் குழியுமான றோட்டில் ஒவ்வொரு குழியாக விலத்தி, ஒரு குலுக்கல் இல்லாமல் ஆசுப்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினான்.

அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. மெற்றில்டா மகளோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அடிச்சது பிழைதான், அக்கா. ஆனா அடிச்சது அவரில்லை. குடி. அந்தக் குடியைத்தான் மனுசன் விட்டிட்டாரே” என்றான் வலன்ரைன்.

மெற்றில்டா புருசனைப் பார்த்தாள். ஆள் பாதியாகியிருந்தான். “எனக்கென்ன தெரியாதே? வெறியில்லாத நேரம் இவர் பிள்ளையை அதட்டினதுகூட இல்லை. ஆனா அடி வாங்கினது அவள். அவள் சொல்லட்டும்.”

உள்ளேயிருந்து பிரஷாந்தி வந்தாள். தோளில் பை இருந்தது. தகப்பனின் கதிரையைச் சுற்றி வந்து, வலது காது அவன் பக்கம் இருக்கிற மாதிரிப் பார்த்து உட்கார்ந்தாள்.

“அப்பா, எனக்கு உங்களில கோபமில்லை.”

றொபேட் நிமிரவில்லை.

“முதல்ல கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கூப்பிடுறது விளங்காமல் நிக்கேக்க அழுதிருக்கிறன். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்ளுவன், அது அப்பா இல்லை, அப்பாவுக்கு அண்டைக்கு ஆர் நிக்கிறது எண்டே தெரிஞ்சிருக்காது எண்டு. அப்பிடி நினைச்சால்தான் எனக்கு நித்திரை வரும்.” அவள் அவன் கையைப் பிடித்தாள். “சுயபுத்தியோட இருந்திருந்தா என்னில கை வைச்சிருப்பீங்களே, அப்பா?”

வலன்ரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓட்டோவைத் திருப்பி நிறுத்தப் போனான். மெற்றில்டா உள்ளே போய்த் தன் உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

றொபேட் மட்டும் எழும்பவில்லை. ஊரில் வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டு வந்திருந்தான். மகள் படிக்கவென்று மேசை ஒன்று வாங்கி, யன்னலோரம் போட்டிருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி நடந்தால் போதும். மூன்று பேரும் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம்.

“எழும்புங்கோவன் அப்பா. போவம்” என்று சிரித்தாள் பிரஷாந்தி.

அவள் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான் றொபேட். அந்தச் சிரித்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு, கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்து சொன்னான்.

“அண்டைக்கு நான் குடிக்கேல்லை, பிள்ளை.”