பாதிக்கு மேல் பங்கு

"இந்த மலையில இருக்கிற லித்தியத்தை நீங்களே தோண்டுங்க. ஆனா பாதிக்கு மேல பங்கு எங்க நாட்டுக்குத்தான். சுத்திகரிக்கிற ஆலையும் இங்கதான் வரணும்," என்றார் கனிமத்துறைச் செயலாளர் அம்மா, எதிரே இருந்த வெளிநாட்டு நிறுவனத் தலைவரிடம்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும்: இந்த நிறுவனத்தையும் விட்டால் சுரங்கம் தோண்ட வேறு ஆளே இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.

தலைவரின் முகம் சிவந்தது. எழுந்து நின்று படபடவென்று ஏதோ பேசினார். மொழிபெயர்ப்பாளர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"திட்டுறாரா? பரவாயில்ல, சொல்லுங்க தம்பி."

"இல்லைங்க மேடம், சம்மதமாம். இவர் பிறந்த ஊர்லயும் இப்படி ஒரு மலை இருந்துச்சாம். மொத்தத்தையும் வெளியாளுங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். இப்ப அங்க வெறும் பள்ளம்தானாம். 'அன்னைக்கு அந்த நாற்காலியில உங்கள மாதிரி ஒருத்தர் இல்லாமப் போயிட்டாங்களே'ங்கிறார்."