மூலை பிளக்

சுஜிதாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பாதியில் இருக்கும்போது தீவின் மரைன் ஹில் பகுதி முழுக்கக் கரண்ட் போனது.

புயலில் விமானம் ரத்து. அதனால் வீட்டிலிருந்தே, லேப்டாப் முன்னால் தேர்வு. லேப்டாப்பின் பேட்டரியோ செத்து வருஷமாகிறது. இன்று இணைப்பு அறுந்தால் அடுத்த தேர்வுத் தேதி கிடைப்பதற்குள் ஜெர்மனியில் அவளுக்குக் கிடைத்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"ஏட்டி, லைட் சலா கயா!" என்று கரண்ட் போனதைப் பாதி இந்தியில் சமையலறையிலிருந்து அப்பா சின்னப்பன் கத்தினார், ஏதோ அவளுக்குத் தெரியாததுபோல.

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. லேப்டாப் மட்டும் அணையவில்லை. மோடமும்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. பக்கத்து வீட்டு மார்ட்டின் சித்தப்பாவிடம் இருக்கிறது, மீன் ஃப்ரீசருக்காக. ஆனால் அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட நம் படி ஏறாது என்று அப்பா மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார். படகுத் தகராறு. படகு சுனாமியோடு போய்விட்டது. தகராறுக்குச் சேதமில்லை.

எந்த நொடியும் திரை இருண்டுவிடலாம். சுஜிதாவின் வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் மீக்கடத்திகள், அதாவது சூப்பர்கண்டக்டர்கள். நடுவில், உள்ளே கரண்டே விடாத ஒரு பொருள். இருந்தும் இந்தப் பக்கத்துக் கரண்ட் அந்தப் பக்கம் போய்விடுகிறது, அதன் மேல்பரப்பை ஒட்டி.

"வோல்டேஜே இல்லையேம்மா, யார் தள்ளுறது?" என்றார் திரையில் இருந்த பேராசிரியர்.

"யாரும் தள்ள வேண்டாம் சார். ரெண்டு பக்கத்து எலக்ட்ரான் அலைக்கும் நடுவுல ஒரு சின்ன வித்தியாசம் இருந்தா போதும், தானா ஓடும்."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சுஜிதா என்று கூப்பிட்டு வாழ்த்தினார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கரண்ட் இன்னும் வரவில்லை.

லேப்டாப்பையும் மோடத்தையும் மூலை பிளக்கில் போடச் சொன்னது அப்பாதான். அதுதான் நல்ல பிளக் என்று காலையிலேயே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அதன் பின்னாலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கியது. சுஜிதாவும் கூடவே இறங்கிப் போனாள். ஒயர் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே ஏறி, சித்தப்பா வீட்டுப் பக்கம் போயிருந்தது.

இந்தப் பக்கம் சுவரோடு சேர்த்து ஒயருக்கும் நீல பெயின்ட். எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சுவரும் ஒயரும் மஞ்சள். நகத்தால் லேசாகச் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் வெள்ளை. எத்தனை கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயின்டோ.

"ஏட்டி, அதைச் சுரண்டாத," என்றார் பின்னால் வந்த அப்பா. "போன வாரந்தான் அடிச்சேன்."