குப்புறப் படுத்தபடி ஒரு சண்டை

"இந்த நேரத்துல கூடவா சார் சண்டை?" நர்ஸுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

கட்டிலில் அவர் மனைவி குப்புறப் படுத்திருந்தாள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுக்க வேண்டும். போன தடவை வலி பொறுக்காமல் அசைந்துவிட்டாள், எடுத்தது வீணாகிவிட்டது. இன்றும் வீணானால் சிகிச்சை தள்ளிப்போகும். தாமதம் தாங்காத நோய்.

"மரத்துப்போக மருந்து போட்டாச்சும்மா. ஆனா எலும்புக்குள்ள உறிஞ்சும்போது வலிக்கும். அசையாதீங்க" என்றார் டாக்டர்.

தைரியம் சொல்லட்டும் என்றுதான் புருஷனை உள்ளே விட்டார்கள். அந்த மகராசன் தலைமாட்டில் உட்கார்ந்து பழைய குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி கல்யாணத்துல குடும்ப போட்டோ எடுத்தாங்களே, என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான். நீங்கதான் முதல் ஆளா சாப்பிடப் போயிட்டீங்க."

"நான் என்ன சோத்துக்கு அலையறவனா?"

"பின்ன, ரெண்டாவது தடவை ஸ்வீட் கேட்டு வாங்கினது எங்கப்பாவா?"

'வெளியே அனுப்பிடவா?' என்று நர்ஸ் கண்ணால் கேட்டாள். டாக்டர் நிமிரவில்லை. ஊசியைத் திருகி இறக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க குடும்பத்துக்கே மரியாதை தெரியாது." புருஷன் குரல் நடுங்கியது.

"என் குடும்பத்தை இழுத்தீங்க, நடக்கறதே வேற."

டாக்டர் ஊசி வழியே மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார். அவள் விரல்கள் படுக்கை விரிப்பைக் கசக்கின. உடம்பு அசையவில்லை.

"அவ்வளவுதான். இந்தத் தடவை நல்லா வந்திருக்கு."

கட்டுப் போட்டு அவளை மல்லாத்திப் படுக்க வைத்த கையோடு, நர்ஸ் அந்த ஆளை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. அதற்குள் அவர் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"சண்டைன்னு வந்துட்டா அவளுக்கு வேற எதுவும் தெரியாது சிஸ்டர். ஒரு தடவை கையில சுடுதண்ணி கொட்டினதுகூடத் தெரியாம என்னைத் திட்டிக்கிட்டிருந்தா. எனக்கு வேற வழி தெரியல."

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போனாள்.

"அவர் மேல கோபப்படாதீங்கம்மா. உங்களுக்கு வலி தெரியக் கூடாதுன்னுதான் வம்புக்கு இழுத்திருக்கார்."

"எனக்கு அது தெரியாதா சிஸ்டர்?" அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உயிர் போற வலி. ஆனா நான் பதிலுக்குப் பதில் பேசலைன்னா அந்த மனுஷன் பயத்துலயே விழுந்திருப்பார். கேட்டார்னா, வலிக்கவே இல்லையாம்னு சொல்லிடுங்க."