வெர்னாவின் தொட்டி

"இன்னிக்கும் அங்கதானா?"

டுவேன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இன்னிக்கும் அந்த வெர்னாவோட டிரெய்லருக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கப் போறியா?"

"தண்ணித் தொட்டி ஒழுகுது ஜோலீன். பாவம், அந்தம்மா தவிக்குது."

"அம்மாவாம் அம்மா! தண்ணி பிடிக்கப் போறதுக்கே உதட்டுக்குச் சிவப்பு பூசிக்கிட்டுப் போகுது உங்கம்மா. நம்ம கதவுக் கொக்கி போன கோடையில உடைஞ்சது. அதை மாட்டச் சொன்னா மட்டும் உனக்கு முதுகு வலி!"

அவன் போயே போய்விட்டான். ஜோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அந்த மினசோட்டா ஏரி முகாமில் கோடை முழுக்கச் சக்கரம் வைத்த டிரெய்லர் வண்டியே வீடு. ஒரு டிரெய்லரில் தும்மினால் அடுத்த டிரெய்லரில் கேட்கும். நேற்று எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து டிரெய்லர் பெர்னிஸ் வேறு கண்ணைச் சிமிட்டினாள். "உன் புருஷனுக்கு ரொம்ப இளகின மனசுடி, ஜோலீன்!"

வெர்னா இருக்கும் கரையோர வரிசையில் குழாய் கிடையாது. முகாம் வாசலில் தண்ணீர் பிடித்து வந்து, டிரெய்லர் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். வெர்னாவின் புருஷன் ஹார்லன் இருந்தவரை அது அவர் பாடு. பனிக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தக் கோடையில் வெர்னா தனியாக வந்து நிற்கிறாள். ராத்திரி நிரப்பினால் விடிவதற்குள் தொட்டி காலி.

மத்தியானம் வெர்னாவே எதிரில் வந்தாள். இரண்டு கையிலும் கேன்.

"உன் புருஷன் இல்லேன்னா இந்தக் கோடையே எனக்கு இல்ல ஜோலீன். பொண்ணு, ஒமாஹாவுல இருக்கற தன் வீட்டுக்கே வந்துடும்மான்னு தினமும் போன் பண்றா. எப்படிப் போவேன் சொல்லு? ஹார்லனோட சாம்பலை இந்த ஏரியிலதானே கரைச்சேன். காலையில எழுந்து அவருக்கு ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்குப் பொழுது விடியுது."

"ஓகோ" என்றாள் ஜோலீன். கேனில் கை வைக்கவில்லை. செத்த புருஷனுக்குக் காலையில் ஒரு வார்த்தை, அடுத்தவள் புருஷன் நாள் பூராவும் காலடியில். நல்லாத்தான் இருக்கு கதை!

சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள். முகாமே கூடிச் சிரித்தாலும் சரி, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

வெர்னா இல்லை. தண்ணீருக்குப் போயிருந்தாள். டிரெய்லருக்கு அடியிலிருந்து டுவேனின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஜோலீன் மெதுவாகக் குனிந்து பார்த்தாள்.

தொட்டியின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய். டுவேன் அதன் திருகைப் பிடித்து, இம்மியளவு திறந்துவிட்டான். தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"அடப்பாவி! நீயேதான் ஒழுக விடறியா?"

டுவேன் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "கத்தாதே!"

"தொட்டியில ஓட்டையே இல்லையா?"

"இல்ல. பனிக்காலத்துல தண்ணி உறைஞ்சு தொட்டி வெடிச்சிடக் கூடாதுன்னு ஹார்லன் போன வருஷம் கிளம்பறப்போ திறந்துவிட்டிருக்காரு. அப்படி ஒரு திருகு இருக்கறதே அந்தம்மாவுக்குத் தெரியாது."

"முதல் நாளே மூடிட்டு வந்திருக்கலாமே! எதுக்கு இந்தக் கூத்து? அவ பக்கத்துலயே கெடக்கணும்னா?"

டுவேன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாருக்காகன்னு நெனச்சே? வருஷா வருஷம் என் உயிரை வாங்கினது நீதானே? கரையோரத்துல இடம் வேணும், காலையில ஏரியைப் பாத்துக்கிட்டே காபி குடிக்கணும்னு. யாராவது காலி பண்ணாத்தானே கெடைக்கும்? அடுத்து நம்ம முறைதான், ஆபீஸ்ல கேட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் தண்ணி சுமந்தா தானாவே பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடும்."

ஜோலீன் வெர்னாவின் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது.

"அப்போ... அவளுக்காக இல்லையா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

ஜோலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. சே, இப்படிப்பட்டவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை ஆசையாகத் தட்டிவிட்டாள்.

தூரத்தில் வெர்னா கேன்களோடு தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். ஜோலீன் ஓடினாள். இந்தக் கோடையில் முதல் தடவையாக ஒரு கேனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ, கையெல்லாம் கன்னிப் போச்சே வெர்னா! டுவேனும் எவ்வளவோ போராடிப் பாத்துட்டாரு. இந்தத் தொட்டி இனிமே தேறாது. பேசாம பொண்ணுகிட்டயே போயிடுங்க."

"ஹார்லன்...?" என்றாள் வெர்னா, ஏரியைப் பார்த்து.

ஜோலீன் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அவரை நாங்க பாத்துக்கறோம்."