துக்க வீட்டுத் தண்ணீர்

குவாஹிரா பாலைவனத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் நகராட்சியின் தண்ணீர் லாரி வரும்.

"போன மாசம்தானே இந்த ஊர்ல ஒரு சாவு? இப்ப யாரு?" குழாயை மாட்டியபடி டிரைவர் வில்ஃப்ரிதோ கேட்டான்.

"எங்க மாமா ஃபெர்மின்." எலோயிசா முக்காட்டுக்குள் விசும்பினாள். "ஆடு குடிக்கிற குட்டைதானே எங்களுக்கும்? வயித்தால போயி, ஆளும் போயிட்டாரு."

தூளிப் படுக்கையில் மூடிக் கிடந்தவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, தொட்டியை நிரப்பிவிட்டு வில்ஃப்ரிதோ கிளம்பினான்.

லாரிச் சத்தம் தேய்ந்ததும் எலோயிசா முக்காட்டை வீசிவிட்டு, சிரித்தபடி சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு தூளிக்கு ஓடினாள்.

"போயிட்டான், எந்திரிங்க மாமா! உடம்புக்கு முடியாத உங்களப் படுக்க வெச்சது நல்லதாப் போச்சு. அச்சு அசல் பொணம்தான் போங்க! முதல் வாய் உங்களுக்குத்தான்."

போர்வையை விலக்கி, சொம்பை அவர் உதட்டில் சரித்தாள்.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சில்லிட்ட கன்னத்தில் வழிந்து மண்ணில் சொட்டியது.